விமலராணி அச்சுக்கு விடாத அழைப்பிதழ்

ஜெனுஷாவின் திருமண அழைப்பிதழ் யாழ்ப்பாணத்து அச்சகத்திலிருந்து மாதிரிப் படமாகக் கைப்பேசிக்கு வரும். தாய் விமலராணி அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு, "இப்ப வேண்டாம், நிக்கட்டும்" என்று மகளைப் பதில் எழுதச் சொல்வார். கடந்த புரட்டாசியில் இப்படிப் பலமுறை நடந்தது. மணமகன் ஜோசுவாவின் தாய் மரியா மன்னார்க்காரி, பேச்சில் ஒளிவு மறைவு இல்லாதவர். பொன்னெழுத்துப் பிடிக்கவில்லையா, பூப்படம் பிடிக்கவில்லையா என்று அவர் கேட்டுப் பார்த்தார். கடைசியில் அவருக்கே விளங்கிவிட்டது. மணமகளின் தந்தை பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதுதான் சிக்கல். 'திரு' என்று போட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்றாகும். 'அமரர்' என்று போட்டால் இறந்துவிட்டார் என்றாகும். இரண்டில் எது உண்மையென்று விமலராணிக்குத் தெரியாது. மகளுக்கு ஒரு வயது ஆகும் முன்பே போன கணவர் இராஜநாயகம் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

விமலராணி இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் குடியிருக்கிறார். நான் அதே தெருவில், இரண்டு வாசல் தள்ளி இருக்கிறேன். விமலராணி காலையில் பொலித்தேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமைத்து, துடைத்து, அவரைக் குளிப்பாட்டிவிட்டு, மதியத்துக்குப் பின் இன்னொரு வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் துணி மினுக்குகிறார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம், கணவர் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்றே பதில் கொடுத்து வந்தார். தாலியைக் கழற்றவில்லை. இறந்தோர் திருநாளில் எங்கள் ஆட்கள் எல்லாரும் தங்கள் குடும்பத்து இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுப்பார்கள். விமலராணி தன் தாய் தகப்பன் பெயரை மட்டும் கொடுப்பார்.

அவர் சொன்னதையும், நானே பார்த்ததையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரையும், ஆண்டையும், கட்சிகளின் பெயர்களையும் விடுகிறேன். அவருடைய தமையன் றோபேட் இன்னும் இதெல்லாம் நடந்த, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில்தான் இருக்கிறார்.

வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் தீவில் பிரதேச சபைத் தேர்தல் வைத்தார்கள். வாக்களிக்க வேண்டாம் என்று கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இயக்கத்தின் கட்டளை வந்தது. வாக்களித்தே ஆக வேண்டும், தங்களுக்கே போட வேண்டும் என்று தீவை ஆயுதத்தோடு வைத்திருந்த கட்சி வீடு வீடாகச் சொன்னது. அதன் ஆட்களைச் சனங்கள் காம்ப்காரர் என்பார்கள். ஆயுதம் இல்லாத ஒரு பழைய கட்சியும் போட்டியிட்டது. இராஜநாயகம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கூடப் படித்தவர் வேட்பாளராக நின்றதால், அந்தப் பழைய கட்சிக்கு வாக்குச் சாவடி முகவராக இருக்கச் சம்மதித்தார். அரசியலில் அவருக்கு வேறு ஈடுபாடு இருந்ததில்லை. கடையில் சீனி நிறுக்கும்போது முள் நடுவில் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்தப் பழக்கத்தோடுதான் வாக்குச் சாவடியிலும் போய் உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் உழவு இயந்திரம் ஒன்று ஆட்களை இறக்கியது. வந்தவர்களின் சின்னி விரலில் ஏற்கெனவே மை இருந்தது. இராஜநாயகம் எழுந்து, இவருக்கு மை பூசியாயிற்று என்று சொன்னார். அடுத்தவருக்கும் அதையே சொன்னார். தேர்தலுக்குப் பொறுப்பாக வந்திருந்த வாத்தியார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காம்ப்காரர் ஒருவர் வந்து, கால் வலிக்கும்வரை எழுந்து நில்லுங்கோ அண்ணை என்று சிரித்தார். மாலையில் பெட்டியை மூடும்போது, எல்லாம் ஒழுங்கு என்று முகவர்கள் கையெழுத்திட வேண்டியிருந்தது. இராஜநாயகம் போடவில்லை.

காம்ப்காரரின் கட்சி வென்றதாக அறிவித்தார்கள். தோற்ற கட்சி முடிவை ஏற்கவில்லை. வேட்பாளர் கொழும்புக்கு முறைப்பாடு அனுப்பினார். அதற்கான மறுமொழி தீவிலேயே வந்தது. அவருடைய வள்ளத்தை எரித்தார்கள். பக்கத்துச் சாவடியில் முகவராக இருந்தவரை இறங்குதுறையில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, துடுப்பால் அடித்தார்கள். வேட்பாளரும் இன்னும் சிலரும் யாழ்ப்பாணத்துக்கு ஓடினார்கள். விமலராணியும் போவோம் என்றார். கூப்பன் அரிசி வரப்போகிறது, சாவியை யாரிடம் கொடுப்பது என்று இராஜநாயகம் கேட்டார். தான் கண்டதைத்தான் சொன்னேன், பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றும் சொன்னார்.

ஒரு மத்தியானம், விமலராணி பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒருவர் படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வந்தவர் சாந்தன். இராஜநாயகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக் கீழே படித்தவர், கடைக்கு வந்து சவுக்காரம் வாங்குபவர். குடிக்கத் தண்ணீர் கேட்டார். விமலராணி செம்பில் கொடுத்தார். குடித்துவிட்டு, "அண்ணை, காம்ப் பெரியவர் ஒருக்கா வரட்டாம். அந்தக் கையெழுத்து ஒண்டுதான்" என்றார்.

இராஜநாயகம் நீலக்கோடு போட்ட சேர்ட்டை எடுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன மனைவியிடம், வந்து சாப்பிடுகிறேன் என்றார். படலையில் திரும்பி நின்றார்.

"ராணி, போட்டு வாறன்."

அதற்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. காம்பில் கேட்டபோது, அன்று பின்னேரமே விட்டுவிட்டோம் என்றார்கள். இராணுவ முகாம், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை அலுவலகம் எல்லாவற்றுக்கும் விமலராணி நடந்தார். பிறகு பிள்ளையைத் தமையனிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தார். சில ஆண்டுகளில் பிள்ளையையும் எடுப்பித்தார். போகிறவர் 'போட்டு வாறன்', அதாவது போய் வருகிறேன், என்று சொன்னால் வருவதாகத்தான் பொருள் என்று அவர் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். வேறு எந்த ஆதாரமும் அவரிடம் இருக்கவில்லை.

ஜெனுஷா இந்த ஊரில் வளர்ந்தவள். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். சண்டை பிடிப்பது மட்டும் இத்தாலியத்தில். எங்கள் வழக்கங்களில் பாதி அவளுக்குத் தெரியாது. போன வருடம் கோயில் பாடகர் குழுவிலிருந்த செபமாலை காலமானபோது, அஞ்சலி செலுத்திவிட்டுப் புறப்பட்ட ஜெனுஷா அவருடைய மனைவியைக் கட்டிப்பிடித்து, "போட்டு வாறன் மாமி" என்றாள். விமலராணி அவளுடைய முழங்கைக்கு மேலே கிள்ளியதை நான் பார்த்தேன். செத்த வீட்டிலிருந்து ஒருவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை, மறுபடியும் இப்படி வருவேன் என்று சொல்வதுபோல ஆகும் என்று படியில் இறங்கும்போது விளக்கினார். அப்படியென்றால் கிள்ளாமல் முதலே சொல்லித் தந்திருக்கலாமே என்று ஜெனுஷா முறுகினாள்.

அழைப்பிதழ் நின்றுகொண்டிருந்த அந்த நாட்களில், திருமண விருந்துக்கு மண்டபம் பார்க்க இரண்டு தாய்மாரும் ஜெனுஷாவும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனார்கள். கடலோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மீன், சிப்பி எல்லாம் தங்கள் கைப்படத்தான் சமைப்போம், உங்கள் சோறு கறியை வெளியிலிருந்து கொண்டு வரலாம் என்று முதலாளி சொன்னார். அப்படியென்றால் மண்டபத்துக்குக் காசைக் குறைக்க வேண்டும் என்று மரியா பேரம் பேசினார். அந்த நேரத்தில் பின்கதவால் ஒருவர் சிப்பிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. விமலராணியைக் கண்டதும் பெட்டியை அந்த இடத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, வந்த கதவாலேயே திரும்பிப் போனார்.

காரில் ஏறிய பிறகு, அது சாந்தன் என்று மட்டும் விமலராணி சொன்னார்.

விசாரித்ததில், அவர் போர் முடிந்த பிறகு வந்தவர், பக்கத்து ஊரான பகேரியாவில் அறை எடுத்து இருக்கிறார், காலையும் மாலையும் ரயிலில் போய் வருகிறார், ஊரில் தனக்கு உயிராபத்து என்று சொல்லி இங்கே தங்கும் உரிமை பெற்றவர் என்று தெரிந்தது. கடைசி விவரத்தைக் கேட்டதும் ஜெனுஷா கொதித்தாள். நேரே கராபினியேரி பொலிசிடம் போவோம், ஒரு நாளில் அவருடைய பெர்மெஸ்ஸோவைப் பறித்துவிடுவார்கள் என்றாள். விமலராணி பொறு என்றார்.

அடுத்த கிழமை றோபேட் தீவிலிருந்து பேசினார். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்களாம். தங்கச்சி இத்தாலியில் சுகமோ, மருமகளுக்கு எப்போது கல்யாணம் என்று மரியாதையாகக் கேட்டார்களாம். வெருட்டவில்லை. உள்ளே வந்து இருக்கவும் இல்லை.

"போகேக்கை ஒண்டு சொன்னவங்கள்" என்றார் றோபேட். "பழசைக் கிண்டாமல் கல்யாணத்தை நல்லா நடத்தட்டாம்."

தன் இளைய மகன் இரவு வேலைக்குப் போய் வருகிறான், அவனை நினைத்துக்கொள் என்றும் சொன்னார். விமலராணி கைப்பேசியை வைத்துவிட்டு யன்னல் பலகையை இறக்கினார். அன்றிலிருந்து பகலிலும் அது பாதி இறங்கியே இருந்தது. ஜெனுஷா வேலையால் வரப் பிந்தினால், கீழ்வாசலில் போய் நிற்கத் தொடங்கினார். சந்தையில் தெரியாத தமிழ் முகம் எதிர்ப்பட்டால் வழி மாறி நடந்தார்.

மகேந்திரராசா எங்கள் பகுதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சாந்தன் கருவாடும் மிளகாய்த்தூளும் வாங்க அவரிடம்தான் வருவார். விமலராணி கடைக்குப் போய், அந்த ஆளைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லும்படி கேட்டார். மகேந்திரராசா இழுத்தார். இதில் தலையைக் கொடுத்தால் இரண்டு பக்கத்து வாடிக்கையும் போய்விடும் என்று பகிடியாகச் சொல்லிப் பார்த்தார். விமலராணி கடை வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் தூது போயிற்று. சாந்தன் வரச் சம்மதித்தார். ஒருவரிடமும் கைப்பேசி இருக்கக் கூடாது, வக்கீல் வரக் கூடாது, ஊர்ப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பன அவருடைய நிபந்தனைகள். அந்தப் பெரியவராகத்தான் நான் போனேன். ஜெனுஷாவும் இருக்கக் கூடாது என்று அவர் கேட்டதை விமலராணி ஏற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு மகேந்திரராசாவும் சாந்தனும் வந்தார்கள். கீழே தெருவில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாந்தன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, "வணக்கம் அக்கா" என்றார். என்னையும் பார்த்து, "சுகமோ ஐயா?" என்று கேட்டார். ஜெனுஷா எல்லாருடைய கைப்பேசிகளையும் வாங்கிச் சோற்றுப் பானைக்குள் போட்டு, சத்தம் கேட்க மூடினாள்.

சாந்தன் கதிரையின் நுனியில் இருந்தார். தேநீரை எடுக்கவில்லை. சொல்ல வந்ததை முன்பே அடுக்கி வைத்திருந்தார் என்று தெரிந்தது. கூட்டிக்கொண்டு போனது தான்தான், அதை மறுக்க வரவில்லை, காம்பில் ஒப்படைத்ததோடு தன் வேலை முடிந்தது என்றார். அன்று பின்னேரம் விட்டதாகக் கேள்விப்பட்டாராம். வள்ளத்தில் இந்தியாவுக்குப் போயிருக்கலாம் என்றும் சிலர் கதைத்தார்களாம்.

"ஆர் கதைச்சது, சிஞ்ஞோர் சாந்தன்?" என்றாள் ஜெனுஷா. மாமா என்றோ அண்ணை என்றோ அவள் அழைக்கவில்லை.

"ஊரிலை, பிள்ளை."

"ஊர் முழுக்கக் கதைச்சதை அம்மாவுக்கு மட்டும் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லையோ?"

பானைக்குள் கைப்பேசி ஒன்று அடித்தது. மகேந்திரராசா தன்னுடையதுதான் என்று மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு பார்த்தார். அடித்து ஓயும்வரை நாங்கள் எல்லாரும் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா வீட்டுக்கு ஆள் அனுப்பியது யார் என்று ஜெனுஷா கேட்டாள். அது தான் சொல்லி நடந்ததல்ல என்றார் சாந்தன். அப்படியானால் ஆட்கள் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்ன பிறகுதான் அவருக்கே அது விளங்கியிருக்க வேண்டும். கைகளை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டார். மகள் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். விமலராணி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார்.

"தம்பி, அண்டைக்கு அவர் என்ன சேர்ட் போட்டிருந்தவர்?" என்று விமலராணி கேட்டார்.

"நீலக்கோடு" என்றார் சாந்தன், உடனேயே.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவ்வளவு விரைவாக வந்தது அந்தப் பதில். கீழே பந்து சுவரில் அடிபடும் சத்தம் கேட்டது.

"உங்களை நான் பொலிசுக்குக் குடுக்கக் கூப்பிடேல்லை" என்றார் விமலராணி. "எங்கை, ஆர், எப்பிடி எண்டும் கேக்கேல்லை. இருக்கிறாரோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. பிள்ளையின்ரை கார்ட்டிலை தேப்பன்ரை பேர் போடவேணும்."

"தெரிஞ்சா சொல்லமாட்டனோ அக்கா? எனக்குத் தெரியாது. இருக்கக்கூடும். நம்பிக்கையை விடாதேங்கோ."

அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார். காம்ப் மாறிவிட்டது, அப்போதிருந்தவர்கள் பலர் இப்போது இல்லை, பெரியவர் கனடாவிலோ எங்கேயோ என்றார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. சொன்னதில் ஒன்றைக்கூடப் பொய்யென்று நிறுவ எங்களால் முடியாது. விமலராணி கேட்பதை நிறுத்திவிட்டார். மகேந்திரராசா செருமிக்கொண்டு எழுந்தார். பானையைத் திறந்து தன் கைப்பேசியைத் தேடி எடுத்தார்.

"அப்ப நாங்கள் போட்டு வாறம், தங்கச்சி" என்றார்.

சாந்தனும் எழுந்தார். விமலராணியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய்ச் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். நாடாவைக் கட்டாமலே படியில் இறங்கத் தொடங்கினார்.

"தம்பி" என்று விமலராணி கூப்பிட்டார்.

சாந்தன் நின்றார்.

"சொல்லாமல் போறியள்."

அவர் திரும்பிப் பார்த்தார். தான் செய்தது என்னவென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. வரும்போது வணக்கம் சொல்லி, என்னிடம் சுகம் விசாரித்த மனிதர். விமலராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரியாதை குறைந்துவிட்டதென்று கேட்பவரின் குரல் அல்ல அது. மிகவும் தாழ்ந்திருந்தது.

"சொல்லிப்போட்டுப் போங்கோ. நல்லது நடக்கப்போற வீடு."

சாந்தனின் வாய் திறந்தது. எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் பேச்சு. அதைச் சொல்லியிருந்தால் போதும், இராஜநாயகம் அந்த வீட்டில் இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருந்திருப்பார். விமலராணி அவருக்கு நேரம் கொடுத்தார். மகேந்திரராசா கைப்பேசியை நெஞ்சோடு பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாந்தன் வாயை மூடினார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினார்.

கீழ்மாடிச் சிஞ்ஞோரா கடைப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் 'புவோனசேரா' என்று மாலை வணக்கம் சொன்னதும், சாந்தன் 'புவோனசேரா, சிஞ்ஞோரா' என்று திருப்பிச் சொன்னது மேலே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. குரல் இருந்தது. மகேந்திரராசா அவருக்குப் பின்னால் இறங்கினார்.

விமலராணி உள்ளே வந்து, தொடாத தேநீரைத் தொட்டியில் ஊற்றிக் கோப்பையைக் கழுவினார்.

"அவன் ஒண்டுமே சொல்லேல்லையே, அம்மா" என்றாள் ஜெனுஷா. "கூப்பிட்டது வீண்."

"ஓம். சொல்லேல்லை" என்றார் விமலராணி. கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "மரியா மாமிக்குச் செய்தி போடு. அப்பாவின்ரை பேருக்கு முன்னாலை அமரர் எண்டு போட்டு அச்சுக்கு விடட்டாம்."

ஜெனுஷா தாயைப் பார்த்தாள். பிறகு சாந்தன் போன வாசலைப் பார்த்தாள். அவளுடைய கை தன்னையறியாமல் முழங்கைக்கு மேலே, முன்பு கிள்ளு விழுந்த இடத்துக்குப் போனது. பானைக்குள்ளிருந்து தன் கைப்பேசியை எடுத்தாள். எழுத முடியவில்லை. தாயின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். விமலராணி அழவில்லை, மகளின் தலைமயிரை விரல்களால் பிரித்துக்கொண்டிருந்தார். இறந்தோர் திருநாளுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எப்போது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நான் கொடுக்கும் பெயர்களோடு சேர்த்து நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் ஐயா, நான் போறன் என்றார்.

சாந்தன் பிறகு அந்தச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு வரவில்லை. வடக்கே போய்விட்டதாகச் சொல்கிறார்கள், சரியாகத் தெரியவில்லை. ஜெனுஷா ஒரு வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். றோபேட்டின் வீட்டுக்குப் பிறகு யாரும் வரவில்லை. இதை எழுதிய பின் விமலராணியிடம் வாசித்துக் காட்டினேன். செம்பு என்று எழுதியிருந்த இடத்தில், வெள்ளிச் செம்பு, கல்யாணத்துக்குத் தந்தது என்றார். வேறு ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கைத்தடியை எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன். வழக்கமாகச் சொல்வது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விமலராணி மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

நானும் சொல்லாமல் இறங்கினேன்.